'ஐ ஆம் இன் எ ஹர்ரி': அவசரத்தை இங்கிலீஷ்ல சொல்றது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூர்ல சாயங்கால நேரம் ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லிக் குடுக்குறேன். வர்றவங்க எல்லாம் இங்கயே வேலை பாக்குறவங்க, டாக்ஸி ஓட்டுற அண்ணன்மாரு, ஹோம்ஸ்டே நடத்துற அக்காங்க, சாக்லேட் கடைல நிக்கிற புள்ளைங்க, டீ ஃபேக்டரி ஆபீஸ்ல கணக்கு எழுதுறவங்க, நர்சிங் படிக்கிற பொண்ணுங்க. எந்த பேட்ச் வந்தாலும் 'அவசரம்'னு ஒரு விஷயத்துல எல்லாரும் ஒரே இடத்துல தான் தடுமாறுறாங்க, கேக்குற கேள்வியும் கிட்டத்தட்ட அதே தான். அதனால அவங்க வாயில வந்த மாதிரியே கேள்வியை எழுதி பதிலும் எழுதிட்டேன். மேல இருந்து வரிசையா படிங்க, பின்னாடி வர்ற கேள்விக்கெல்லாம் முன்னாடி சொன்னதை வச்சுத் தான் பதில் சொல்லிருக்கேன்.

'இன் எ ஹர்ரி'ன்னா என்ன அர்த்தம் மிஸ், நேரா சொல்லுங்க?

அவசரத்துல இருக்கேன், அவ்ளோ தான். 'ஐ ஆம் இன் எ ஹர்ரி'ன்னா எனக்கு நேரம் கம்மி, சீக்கிரம் கிளம்பணும் இல்ல சீக்கிரம் முடிக்கணும். ஓடிக்கிட்டே தான் சொல்லணும்னு இல்ல, பஸ் ஸ்டாண்ட்ல அசையாம நின்னுக்கிட்டு வாட்சைப் பாக்குறவரும் 'இன் எ ஹர்ரி' தான். அது கால்ல இருக்குற வேகம் இல்ல, மனசுல இருக்குற நெருக்கடி.

நிஜமாவே வேகமா நடந்து போறதை சொல்லணும்னா 'ஹர்ரி'யை வினைச்சொல்லா போடுங்க. 'ஷி ஹர்ரீட் டு தி ஸ்டேஷன்'னா ஸ்டேஷனுக்கு விறுவிறுன்னு போனா.

'ஐ ஆம் ஹர்ரி'ன்னு சொன்னா அவங்களுக்கு புரியாதா? அந்த 'இன் எ' எதுக்கு?

புரியும். ஆனா கேக்குறவங்க காதுக்கு 'நான் அவசரம்'னு தமிழ்ல யாராவது சொன்னா எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். 'ஹர்ரி' இங்க ஒரு பெயர்ச்சொல், நீங்க அந்த நிலைமைக்குள்ள இருக்கீங்க, அதனால தான் 'இன்'. தமிழ்லயும் 'அவசரத்துல இருக்கேன்'னு தானே சொல்றோம், அந்த 'ல' தான் இந்த 'இன்'னு வச்சுக்கோங்க, மறக்காது.

நிறைய பேரு 'இன் ஹர்ரி'ன்னு 'எ'வை முழுங்கிடுறாங்க. நம்ம ஊர்ல, பெங்களூர்ல, டெல்லில எங்க கேட்டாலும் இந்தத் தப்பு காதுல விழும், யாரும் நிறுத்தி திருத்துறது இல்ல, அதனால அப்படியே நிலைச்சுடுது. 'இன் எ ஹர்ரி'ன்னு மூணு வார்த்தையையும் ஒட்டி ஒரே வார்த்தை மாதிரி சொல்லிப் பழகுங்க. சில இடத்துல மட்டும் 'எ' வராது, அதுல ஒண்ணு 'இன் நோ ஹர்ரி'. 'ஐ ஆம் இன் நோ ஹர்ரி'ன்னா எனக்கு அவசரமே இல்ல, மெதுவா ஆகட்டும்.

'ஐ ஆம் வெரி அர்ஜென்ட்'னு தான் நான் இத்தனை வருஷமா சொல்றேன், அது தப்பா?

தப்பு தான், ஆனா ஏன் வருதுன்னு புரிஞ்சுட்டா மத்த பாதி சந்தேகம் தானா தீந்துடும், அதனால இதை கொஞ்சம் நிதானமா படிங்க.

தமிழ்ல 'அவசரம்' எதுக்கும் ஒட்டும். 'எனக்கு அவசரம்'னு ஆளுக்கு சொல்றோம், 'அவசரமான லெட்டர்'னு வேலைக்கு சொல்றோம், 'அவசர சிகிச்சைப் பிரிவு'ன்னு ஆஸ்பத்திரி போர்டுல எழுதுறோம், 'அவசரப்பட்டு முடிவு எடுத்துட்டான்'னு குறையும் சொல்றோம். ஒரே வார்த்தை எல்லாத்துக்கும் போதும், யாரோட அவசரம்னு கேக்குறவங்களே புரிஞ்சுக்குவாங்க. இங்கிலீஷ்ல அப்படி விட முடியாது, வாயைத் திறக்குறதுக்கு முன்னாடியே இந்த அவசரம் யாரோடதுன்னு முடிவு பண்ணியாகணும். ஆளோட அவசரம்னா 'இன் எ ஹர்ரி'. வேலையோட அவசரம்னா 'அர்ஜென்ட்'. அதனால 'திஸ் லெட்டர் இஸ் அர்ஜென்ட்' சரி, 'ஐ ஆம் அர்ஜென்ட்' வராது. 'ஐ நீட் இட் அர்ஜென்ட்லி'ன்னு சொல்லலாம், ஏன்னா அங்க அவசரம் தேவைக்கு, உங்களுக்கு இல்ல.

ஃபேக்டரி ஆபீஸ்ல இருந்து வர்ற ஒரு தம்பி போன்ல 'சார், ஐ ஆம் அர்ஜென்ட், ப்ளீஸ் சென்ட் தி பில்'னு சொல்லுவாரு. அவருக்கு ஒண்ணும் அவசரம் இல்ல, அவரு சாயங்காலம் வரைக்கும் அங்கயே தான் உக்காந்திருப்பாரு, லாரி கிளம்புறதுக்குள்ள பில் வேணும். அவசரம் பில்லுக்கு. 'தி பில் இஸ் அர்ஜென்ட், சார், தி லாரி இஸ் வெயிட்டிங்'னு மாத்திச் சொல்ல ஆரம்பிச்சாரு, அந்தப் பக்கம் இருக்குறவருக்கும் எதுக்கு அவசரம்னு தெளிவா புரிஞ்சுது.

அப்போ எமர்ஜென்சி?

அது ஆபத்து. உசுருக்கு, உடம்புக்கு, ஊருக்கு வர்ற ஆபத்து. மண்சரிவு, ஆக்சிடென்ட், நெஞ்சு வலி, இதெல்லாம் எமர்ஜென்சி. ரூம் சாவி தொலைஞ்சு போச்சுன்னா அது அர்ஜென்ட் மட்டும் தான். நர்சிங் புள்ளைங்க இதை நல்லா மனசுல வச்சுக்கணும், 'இட்ஸ் அன் எமர்ஜென்சி'ன்னு சொன்னா டாக்டர் கைல இருக்குறதை அப்படியே போட்டுட்டு ஓடி வருவாரு, அதனால அந்த வார்த்தையை அதுக்குன்னு மட்டும் வச்சிருங்க.

ரொம்ப அவசரம், கொஞ்சம் அவசரம், இதை எப்படி சொல்றது? 'வெரி ஹர்ரி' வராதா?

வராது, காரணம் மேல சொன்னது தான், அது பெயர்ச்சொல். கொஞ்சம்னா 'இன் எ பிட் ஆஃப் எ ஹர்ரி'. இது ரொம்ப மரியாதையான வாக்கியம், கடைல க்யூல நிக்கும்போது 'சாரி, ஐ ஆம் இன் எ பிட் ஆஃப் எ ஹர்ரி'ன்னு சொன்னா யாரும் முகம் சுளிக்க மாட்டாங்க. ரொம்பன்னா 'இன் எ கிரேட் ஹர்ரி', இல்ல 'இன் எ பிக் ஹர்ரி'. பிரிட்டிஷ்காரங்க 'இன் எ டேரிங் ஹர்ரி'ன்னும் சொல்லுவாங்க, அதுல வர்ற 'டேர்' கிழிக்கிறது, தைரியம் சொல்ற 'டேர்' இல்ல.

'இன் சச் எ ஹர்ரி'ன்னு ஒண்ணு இருக்கு, அது காரணம் சொல்ல வசதி. 'ஐ வாஸ் இன் சச் எ ஹர்ரி தட் ஐ ஃபர்காட் தி இ-பாஸ்.' அவ்ளோ அவசரத்துல கிளம்பினேன், இ-பாஸ் எடுக்க மறந்துட்டேன். 2024 மே மாசத்துல இருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டி வரணும்னா இ-பாஸ் வேணும்னு ஐகோர்ட் உத்தரவு வந்ததுல இருந்து நம்ம டாக்ஸி அண்ணன்மாரு இந்த வாக்கியத்தை கெஸ்ட் வாயில நிறையவே கேட்டிருப்பாங்க.

ரஷ்ஷுக்கும் ஹர்ரிக்கும் என்ன வித்தியாசம்? பஸ் ரஷ்ஷா இருக்குன்னு சொல்றோமே?

'இன் எ ரஷ்'ஷும் 'இன் எ ஹர்ரி'யும் கிட்டத்தட்ட ஒண்ணு தான், ரஷ்ல பரபரப்பு ஒரு பிடி கூட. எதை வேணா போடலாம், யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க.

ஆனா 'பஸ் ரஷ்ஷா இருக்கு'ங்கறது நம்ம தமிழ். அந்த ரஷ் கூட்டம். இங்கிலீஷ்ல 'தி பஸ் இஸ் ரஷ்'னு சொன்னா ஒண்ணும் புரியாது, 'தி பஸ் இஸ் க்ரௌடட்' தான் சரி. மே மாசம் ஃபிளவர் ஷோ நேரத்துல பொட்டானிக்கல் கார்டன்ல இருக்குறது க்ரௌட், அந்தக் கூட்டத்துக்குள்ள பூந்து நாலு மணி ட்ரெயினைப் புடிக்க ஓடுறவர் தான் 'இன் எ ரஷ்'.

கெஸ்ட்டை 'ஹர்ரி அப்'னு சொல்லலாமா? 'ப்ளீஸ்' சேத்துக்கிட்டா ஓகே தானே?

இது தான் எனக்கு ரொம்ப முக்கியமான கேள்வி, ஏன்னா இதுல மொழி மட்டும் இல்ல, மரியாதையும் கலந்திருக்கு.

'ஹர்ரி அப்'னா 'சீக்கிரம் ஆகட்டும், கிளம்பு'ன்னு விரட்டுறது. அம்மா ஸ்கூல் போற புள்ளைய சொல்லலாம், ஃப்ரெண்டு ஃப்ரெண்டை சொல்லலாம். காசு குடுத்து வந்திருக்குற கெஸ்ட்டை, வயசுல பெரியவங்களை சொன்னா சுருக்குன்னு இருக்கும். 'ப்ளீஸ் ஹர்ரி அப், சார்'னு சொன்னாலும் அந்த விரட்டல் போகாது, 'தயவு செஞ்சு சீக்கிரம் நடங்க'ன்னு சொல்ற மாதிரி மேல ஒரு பூச்சு மட்டும் தான். நம்ம ஆளுங்க மனசுல எந்த மரியாதைக் குறைவும் கிடையாது, தமிழ்ல 'சார் கொஞ்சம் சீக்கிரம்ங்க சார்'னு சொல்லும்போது அந்த 'ங்க' எல்லாத்தையும் மெதுவாக்கிடும், இங்கிலீஷ்ல 'ங்க' இல்ல, அதனால வாக்கியத்தையே வேற மாதிரி கட்டணும்.

எப்படின்னா, அவங்களை விரட்டாம காரணத்தை முன்னாடி வைங்க. ஊட்டில இருந்து மசினகுடி, தெப்பக்காடு வழியா மைசூர் போற வண்டி இருக்குன்னு வைங்க. பந்திப்பூர் காட்டுக்குள்ள ராத்திரி 9 மணில இருந்து காலைல 6 வரைக்கும் வண்டி விட மாட்டாங்க. கெஸ்ட் இன்னும் டீ குடிச்சுக்கிட்டு போட்டோ எடுத்துக்கிட்டு இருக்காங்க, உங்களுக்கு வயித்தைக் கலக்குது. அப்போ 'சாரி டு ரஷ் யூ, சார், பட் தி ஃபாரஸ்ட் ரோட் க்ளோசஸ் அட் நைன்'னு சொல்லுங்க. முதல் பாதி மன்னிப்பு, ரெண்டாவது பாதி காரணம், எங்கயும் 'நீ சீக்கிரம் வா'ன்னு இல்ல. அவங்களே கப்பை வச்சுட்டு எந்திரிச்சுடுவாங்க. இன்னும் லேசா சொல்லணும்னா 'வி ஷுட் கெட் கோயிங், சார்', நம்மளையும் அவங்களோட சேத்துக்குற 'வி' இது, 'கிளம்பலாமா'ங்கற அதே தொனி.

அதே நேரம் உண்மையான ஆபத்துல மரியாதை பாக்காதீங்க. ரோட்டுக்கு யானை வந்துடுச்சு, கெஸ்ட் கீழ இறங்கி நிக்கிறாரு, அப்போ 'கெட் இன், சார், குயிக்'னு கத்துறதுல ஒரு தப்பும் இல்ல.

'டேக் யுவர் டைம்'னு கெஸ்ட் சொன்னா நிஜமாவே மெதுவா செய்யலாமா?

சொன்ன தொனியைப் பொறுத்து. சிரிச்ச முகத்தோட ஒருத்தர் 'டேக் யுவர் டைம்'னா பொறுமையா செய்யுங்க, எனக்கு அவசரம் இல்லன்னு அர்த்தம். 'நோ ஹர்ரி', 'நோ ரஷ்' எல்லாம் அதே குடும்பம் தான். கடைல கஸ்டமர் டார்க் சாக்லேட் வேணுமா, முந்திரி போட்டது வேணுமான்னு யோசிச்சுக்கிட்டு நிக்கும்போது நீங்க அவங்களுக்கும் இதை சொல்லலாம், ரொம்ப நல்லா இருக்கும்.

ஆனா இதையே இறந்த காலத்துல போட்டா அர்த்தம் திரும்பிடும். 'யூ டுக் யுவர் டைம்!'னு சொன்னா 'ரொம்ப சீக்கிரம் வந்துட்டீங்க போங்க'ன்னு குத்திக் காட்டுறது, லேட் ஆக்கினதுக்குத் திட்டு. ஒரு அண்ணன் இதைக் கேட்டு 'தேங்க் யூ சார்'னு சொல்லிட்டாரு, பாவம். வந்த உடனே 'சாரி ஃபார் தி டிலே'ன்னு சொல்லிடுங்க, ஆறிடும்.

'வாட்ஸ் தி ஹர்ரி?'ன்னு கேக்குறது மரியாதையா?

பழகினவங்க கிட்ட கேட்டா 'என்ன அவசரம், உக்காருங்க, ஒரு டீ குடிச்சுட்டுப் போலாம்'னு பாசமா வரும். தெரியாதவங்க கிட்ட, அதுவும் பின்னாடி ஹாரன் அடிக்கிறவர் கிட்ட கேட்டா சண்டைக்கு கூப்பிடுற மாதிரி. 'வாட்ஸ் யுவர் ஹர்ரி'ன்னு 'யுவர்' போட்டா இன்னும் நேரா நெஞ்சுல விரலை வச்சு கேக்குற மாதிரி இருக்கும், அதைத் தவிர்த்துடுங்க.

சீக்கிரம் வான்னு சொல்ல 'கம் ஃபாஸ்ட்' சொல்லலாமா?

நம்ம 'சீக்கிரம்'குள்ள மூணு அர்த்தம் இருக்கு. கொஞ்ச நேரத்துல வா, வேகமா வா, குறிச்ச நேரத்துக்கு முன்னாடியே வா. இங்கிலீஷ்ல இதுக்கு மூணு வார்த்தை: 'சூன்', 'குயிக்லி', 'எர்லி'. 'ஃபாஸ்ட்' ஓட்டத்தோட வேகம், வண்டி, ட்ரெயின், பேச்சு இதுக்கெல்லாம் போடுங்க. டிரைவர் கிட்ட 'கம் ஃபாஸ்ட்'னா 'ஸ்பீடா ஓட்டிட்டு வா'ன்னு ஆகிடும், மலை ரோட்டுல அதை யாருக்கும் சொல்லக் கூடாது.

நம்ம மலை ரயிலை வச்சு சொன்னா டக்குனு புரியும். மேட்டுப்பாளையத்துல இருந்து காலைல 7.10-க்கு கிளம்புது, அது 'எர்லி'. மொத்தமே 46 கிலோமீட்டர், ஆனா ஊட்டி வர மத்தியானம் ஆகிடும், ஏன்னா கல்லாறுல இருந்து குன்னூர் வரைக்கும் தண்டவாளத்துக்கு நடுவுல இருக்குற பல் வச்ச இரும்புப் பட்டையைப் புடிச்சு தான் ஏறுது, அதனால 'ஃபாஸ்ட்' இல்ல. குன்னூர் ஸ்டேஷன்ல நின்னுக்கிட்டு புகை தெரியுதான்னு பாக்குறவங்களுக்கு 'இட் வில் கம் சூன்'. மூணும் ஒரே வண்டி.

'ஹேஸ்ட்'னு ஒண்ணு புக்குல வருதே, அதையும் பேச்சுல போடலாமா?

பேச்சுல போடாதீங்க, எழுத்துல தான் நல்லா இருக்கும். 'இன் ஹேஸ்ட்'ல 'எ' வராது, அதையும் பாத்துக்கோங்க. பழைய காலத்துல லெட்டர் முடிவுல 'யுவர்ஸ் இன் ஹேஸ்ட்'னு எழுதுவாங்க, அவசரத்துல எழுதுறேன், கையெழுத்தை மன்னிச்சுக்கோங்கன்னு அர்த்தம். 16-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துல குதிரைல போற தபால்காரனுக்காக கவர் மேலயே 'ஹேஸ்ட், போஸ்ட், ஹேஸ்ட்'னு எழுதி அனுப்புவாங்க, 'ஓடு தபாலே ஓடு'ன்னு. 'போஸ்ட்ஹேஸ்ட்'னு உடனடியா செய்யறதுக்கு ஒரு வார்த்தை இன்னைக்கும் இருக்கே, அது அங்க இருந்து வந்தது தான்.

இதோட பிள்ளை 'ஹேஸ்டி'. இது குறை சொல்ற வார்த்தை. 'ஹர்ரீட் டிசிஷன்'னா நேரம் இல்லாம எடுத்த முடிவு, பாவம்னு கூட நினைக்கலாம். 'ஹேஸ்டி டிசிஷன்'னா யோசிக்காம எடுத்த முடிவு, அவசரப்பட்டுட்டான். அர்ஜென்ட் பத்தி சொல்லும்போது 'அவசரப்பட்டு முடிவு எடுத்துட்டான்'னு நாலாவதா ஒரு அவசரம் சொன்னேன்ல, அதுக்கு வார்த்தை இது.

'ஹேஸ்ட் மேக்ஸ் வேஸ்ட்'டுக்கு சரியான தமிழ்ப் பழமொழி எது? 'மோர் ஹேஸ்ட், லெஸ் ஸ்பீட்'டும் அதே தானா?

முதலாவதுக்கு 'பதறாத காரியம் சிதறாது' தான் என் கணக்குல கச்சிதம். பதறினா சிதறும், அந்த சிதறல் தான் அங்க 'வேஸ்ட்'. இங்கிலீஷ்ல இது ரொம்பப் பழசு, ஜான் ஹேவுட்னு ஒருத்தர் 1546-ல போட்ட பழமொழித் தொகுப்புலயே இருக்கு. நம்ம டீ ஃபேக்டரிக்காரங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பறிச்சு வந்த கொழுந்தை பரப்பிப் போட்டு வாட வைப்பாங்கல்ல, இலையைச் சுருட்டிச் செய்யற ஆர்த்தடாக்ஸ் டீக்கு அது பொதுவா 12 மணி நேரத்துல இருந்து 18 மணி நேரம் ஆகும். மழை நாள்ல காத்துல ஈரம் இருக்கும், இலை சொன்ன பேச்சு கேக்காது. அன்னைக்குப் பாத்து ஆர்டர் இருக்குன்னு அரைகுறையா வாடினதை ரோலர்ல போட்டா இலை சுருளாது, நொறுங்கிடும். கைல எடுத்துப் பாத்தாலே தெரியும், நல்லா வாடின இலையை மடிச்சா ஒடியாது, வாடாத இலையோட காம்பு டப்புனு ஒடியும். அந்த டப்பு தான் 'ஹேஸ்ட் மேக்ஸ் வேஸ்ட்'.

'மோர் ஹேஸ்ட், லெஸ் ஸ்பீட்' கொஞ்சம் வேற. அவசரப்பட்டா வேலை கெட்டுப் போகும்னு இல்ல, அவசரப்பட்டா வேலை இன்னும் லேட் ஆகும்னு சொல்லுது. அதுக்கு 'அவசரத்துல அண்டாக்குள்ளயும் கை போகாது' தான் சரியான ஜோடி. இதுல 'ஸ்பீட்'னா பழைய இங்கிலீஷ்ல வெற்றி, காரியம் கைகூடுறதுன்னு அர்த்தம் இருந்துச்சு, 'காட்ஸ்பீட்'னு வழி அனுப்புறாங்களே அதுலயும் அதே அர்த்தம் தான். அது தெரிஞ்சா 'அவசரம் கூடுனா காரியம் கைகூடாது'ன்னு பழமொழி சுத்தமா புரிஞ்சுடும். ரோம் ராஜா அகஸ்டஸ் கூட 'மெதுவா அவசரப்படு'ன்னு அடிக்கடி சொல்லுவாராம், 'மேக் ஹேஸ்ட் ஸ்லோலி'ன்னு இங்கிலீஷ்ல சொல்றாங்க. கல்லட்டி இறக்கத்துல 36 கொண்டை ஊசி வளைவுலயும் கம்மி கியர்ல இறங்குற டிரைவருக்கு அகஸ்டஸ் தேவையில்ல, எப்பவோ தெரிஞ்ச விஷயம்.

'ஹர்ரி பர்ரி' இங்கிலீஷ் வார்த்தை தானா?

இந்தியாவுக்குள்ள எல்லாருக்கும் புரியும், 'டோன்ட் டூ ஹர்ரி பர்ரி'ன்னா பரபரன்னு பண்ணாதீங்கன்னு. வெளிநாட்டு கெஸ்ட்டுக்கு அது பழக்கம் இல்ல. 'டோன்ட் ரஷ்'னு சொல்லிடுங்க, வேலை முடிஞ்சுது.

மலை ரோட்டுல 'பெட்டர் மிஸ்டர் லேட் தேன் லேட் மிஸ்டர்'னு போர்டு வைக்கிறாங்களே, என்ன சொல்ல வர்றாங்க?

'லேட்'டுக்கு ரெண்டு அர்த்தம். பேருக்குப் பின்னாடி நின்னா நேரம் கழிச்சு வர்றது, முன்னாடி நின்னா காலமானவர். 'லேட் மிஸ்டர்'னா காலஞ்சென்றவர். காலஞ்சென்றவரா ஆகுறதுக்கு லேட்டா போறவரா இருக்குறது மேல்னு சொல்றாங்க. இதைத் தெரிஞ்சுக்கிட்டா இன்னொரு ஆபத்துல இருந்தும் தப்பிக்கலாம், ஓனர் லேட்டா வருவாருன்னு சொல்றதுக்கு 'மை லேட் ஓனர்'னு ஆரம்பிச்சுடாதீங்க, 'மை ஓனர் வில் பி லேட்' தான்.

ஆபீஸ் மெயில்ல 'அட் தி எர்லியஸ்ட்'னு போடுறோம், பதிலே வர மாட்டேங்குது, வேற எப்படி எழுதுறது?

'ஆஸ் சூன் ஆஸ் பாசிபிள்' எங்கயும் செல்லும், 'அட் தி எர்லியஸ்ட்' இந்த அர்த்தத்துல இந்தியாவுக்குள்ள தான் ஓடும். பிரச்சனை என்னன்னா ரெண்டுலயும் தேதி இல்ல, படிக்கிறவங்க 'முடியும்போது'ன்னு எடுத்துக்குவாங்க. அதோட நம்ம மெயில்ல எல்லாத்துக்கும் அர்ஜென்ட்னு தலைப்பு போட்டு போட்டு, அதைப் பாத்தா இப்போ யாருக்கும் பதட்டமே வர்றது இல்ல.

கெஸ்ட் பத்தின பதில்ல சொன்ன அதே வழி தான் இங்கயும். காரணத்தையும் நேரத்தையும் வைங்க. 'குட் யூ சென்ட் இட் பை தர்ஸ்டே? தி ஆக்ஷன் இஸ் ஆன் ஃப்ரைடே.' வியாழக்கிழமைக்குள்ள அனுப்ப முடியுமா, வெள்ளிக்கிழமை ஏலம். அவசரம்னு ஒரு வார்த்தை கூட இல்ல, ஆனா அவசரம் முழுசா தெரியுது. 'பை' போட்டா அதுக்குள்ளன்னு அர்த்தம், 'ஆன்' போட்டா அன்னைக்குன்னு அர்த்தம், அதை மட்டும் மாத்திடாதீங்க.

ஹோம்ஸ்டே ரிவ்யூல ஒருத்தர் 'வி வோன்ட் ஃபர்கெட் திஸ் ப்ளேஸ் இன் எ ஹர்ரி'ன்னு எழுதிருக்காரு. அவசரத்துல மறக்க மாட்டோம்னா? நல்ல ரிவ்யூவா கெட்ட ரிவ்யூவா?

நல்ல ரிவ்யூ அக்கா, சந்தோஷப்படுங்க. இங்க தான் முதல் பதில்ல சொன்ன அர்த்தத்தை விட்டு வெளிய வர்றோம். 'இன் எ ஹர்ரி'க்கு முன்னாடி 'வோன்ட்' மாதிரி ஒரு மறுப்பு வந்துட்டா, அது அவசரத்தைப் பத்தியே பேசல, 'லேசுல நடக்காது'ன்னு சொல்லுது. லேசுல மறக்க மாட்டோம். பிரிட்டிஷ்காரங்க இதை நிறைய பேசுவாங்க.

ஆனா அதே மாதிரி இன்னொரு வாக்கியம் வந்துச்சு, வேற ஒரு அக்கா கொண்டு வந்து காட்டினாங்க: 'வி வோன்ட் பி கமிங் பேக் இன் எ ஹர்ரி.' அவங்க அதை 'மறுபடி வரும்போது அவசரமா வராம நாலு நாள் தங்குற மாதிரி வருவோம்'னு எடுத்துக்கிட்டு 'வெல்கம் எனி டைம்'னு பதிலும் போட்டுட்டாங்க. அதோட அர்த்தம் இந்தப் பக்கம் இனிமே லேசுல தலை வச்சுப் படுக்க மாட்டோம். அந்த ரிவ்யூவை முழுசா உக்காந்து படிச்சோம், ராத்திரி வெந்நீர் வரல, ரூம்ல ஹீட்டர் ஓடல, டிசம்பர் குளிரு. அக்கா பதிலை மாத்தி, 'வி ஆர் சாரி அபௌட் தி ஹாட் வாட்டர்'னு ஆரம்பிச்சு, கீசர் மாத்தியாச்சுன்னும் எழுதினாங்க. ஆக இந்த மாதிரி வாக்கியத்துல 'வோன்ட்'டுக்கு அடுத்து வர்ற வினைச்சொல்லைப் பாருங்க, மறக்குறதுன்னா பாராட்டு, திரும்பி வர்றதுன்னா புகார்.

பேப்பர்ல ஒரு பொண்ணைப் பத்தி 'எ யங் உமன் இன் எ ஹர்ரி'ன்னு தலைப்பு போட்டிருந்தாங்க. அவங்க எங்க போக அவசரப்பட்டாங்க?

எங்கயும் இல்ல. ஆள் பேருக்குப் பின்னாடி ஒட்டி 'மேன் இன் எ ஹர்ரி', 'உமன் இன் எ ஹர்ரி'ன்னு வந்தா அது அந்த நிமிஷத்து அவசரம் இல்ல, அந்த ஆளோட குணம். வாழ்க்கைல சீக்கிரம் மேல வரணும், நினைச்சதை முடிச்சே ஆகணும்னு துடிப்போட இருக்குறவங்க. இளைஞருக்கு சொன்னா பெரும்பாலும் பாராட்டு.

வயசானவருக்கு சொன்னா குத்தலா மாறும், அதுக்கு பேர் போன உதாரணம் இருக்கு. 1886-ல பிரிட்டிஷ் பிரதமர் கிளாட்ஸ்டன் அயர்லாந்துக்கு சுயாட்சி குடுக்கணும்னு ஒத்தக் கால்ல நின்னாரு, அப்போ அவருக்கு 76 வயசு. அவரை எதிர்த்த லார்ட் ராண்டால்ஃப் சர்ச்சில், பின்னாடி பிரதமரான வின்ஸ்டன் சர்ச்சிலோட அப்பா, அவரை 'அன் ஓல்ட் மேன் இன் எ ஹர்ரி'ன்னு சொன்னாரு. காலம் முடியறதுக்குள்ள பேரு வாங்கிடணும்னு கிழவர் பறக்குறாருன்னு அர்த்தம். அந்த வரி இன்னைக்கு வரைக்கும் இங்கிலீஷ் பேப்பர்ல சுத்திக்கிட்டு இருக்கு. உங்க பொண்ணு பேருல அந்தத் தலைப்பு வந்தா வெட்டி ஒட்டி வைங்க, உங்க ஊர் தலைவர் பேருல வந்தா அவருக்கு வயசு என்னன்னு பாத்துட்டு மீதியைப் படிங்க.